அமீனா பூவராகன் வாபஸ் வாங்கிய வார்த்தை

சிதம்பரம் நீதிமன்றத்தில் அமீனாவாக இருக்கும் பூவராகனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் குறைவு. அவருடைய டிவிஎஸ் எக்ஸெல் தெருமுனையில் திரும்பினாலே சில வீடுகளில் டிவி சத்தம் நின்றுவிடும். சில வீடுகளில் கொல்லைக் கதவு திறக்கும். வழக்கில் மாட்டியவர்களுக்குச் சம்மன் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்துப் பெற்று வருவதுதான் அவர் வேலை. இருபத்து நான்கு வருடமாக அதையே செய்கிறார். வயது ஐம்பத்தொன்று. இத்தனை வருடத்தில் "வாங்க, ஒரு வாய் காப்பி குடிங்க" என்று சொன்ன வீடுகளை அவர் விரல்விட்டு எண்ணிவிடுவார்.

ஆனால் இந்த வேலை அவருக்கு ஒரு திறமையைக் கொடுத்திருந்தது. சம்மனைக் கையில் வாங்குகிறவர் அதைப் படிக்கமாட்டார். பூவராகனின் முகத்தைத்தான் பார்ப்பார். "ஐயா, என்னை ஜெயில்ல போட்டுடுவாங்களா?" என்று கேட்பார். அவருக்கு ஒரே நிமிடத்தில் புரியவைக்க வேண்டும்.

"ஜெயிலெல்லாம் இல்லைங்க. உங்க தம்பி வரப்புத் தகராறுல கேஸ் போட்டிருக்காரு. பன்னெண்டாம் தேதி காலையில பத்தரைக்குக் கோர்ட்டுக்கு வாங்க. வரலைன்னா அவுரு சொல்றத மட்டும் கேட்டுக்குவாங்க. வந்தா உங்க கதையையும் கேப்பாங்க. அவ்ளோதான் விஷயம்."

வக்கீல்கள் அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிச் சொல்வதை, வண்டியை ஆஃப் செய்யாமலே சொல்லிவிட்டுப் போவார்.

குழந்தைகள் தினத்துக்கு முந்தைய வாரம் அவருக்கு வேறு மாதிரி ஒரு வேலை வந்தது. வட்ட சட்டப் பணிகள் குழு சார்பில் பள்ளிகளில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடந்துகொண்டிருந்தது. கிள்ளைக்குப் போகும் வழியில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளி. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். அங்கே பேசப் போகும் வக்கீல் சந்திரலேகாவுக்குத் துணையாக, பேனரையும் துண்டுப் பிரசுரக் கட்டையும் தூக்கிக்கொண்டு பூவராகன் போக வேண்டும். பேனரைக் கட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்து கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

பள்ளி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திய சந்திரலேகா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அந்த வாரத்தில் மட்டும் மூன்று பள்ளிகளில் மைக் இல்லாமல் பேசியிருந்தார். தொண்டை முழுசாகக் கட்டிவிட்டது.

"என்னா மேடம்? பேச்சே வரலையே!" என்றார் பூவராகன்.

சந்திரலேகா கைப்பையிலிருந்து ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக் காட்டினார்: "நீங்க பேசுங்க."

"நானா? நான் அமீனாங்க மேடம். என்னைப் பாத்தா பெரியவங்களே ஓடுவாங்க. இதுங்க பச்சப் புள்ளைங்க."

அவர் இன்னொரு தாளில் எழுதினார்: "சட்டம் நான் எழுதித் தர்றேன். தமிழ்ல நீங்க சொல்லுங்க." ஏற்கெனவே நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். தலைமையாசிரியை ரத்தினம்மாள் கையைக் காட்டி முன்னால் வரச் சொல்லிவிட்டார். இனித் திரும்பிப் போக வழியில்லை.

பூவராகன் நின்றார். தொண்டையைச் செருமினார். வழக்கமாக வாசலில் நின்று கேட்கும் குரலிலேயே ஆரம்பித்தார்.

"என்னை இதுக்கு முன்னாடி யாராச்சும் பாத்திருக்கீங்களா?"

மூன்றாவது வரிசையில் ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். "எங்க வீட்டுக்கு வந்தீங்க. அப்பா வெளியூரு போயிட்டாருன்னு சொன்னோம்."

"அப்பா எந்த ஊருக்குப் போயிருந்தாரு?"

"கட்டிலுக்கு அடியில."

மரத்தடியே அதிர்ந்தது. ஆசிரியர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சந்திரலேகா சத்தமே இல்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பூவராகனும் சிரித்துவிட்டார். அதோடு அவர் பயம் போய்விட்டது.

"சரி. வழக்கமா நான் கொண்டார காகிதத்தைப் பாத்து எல்லாரும் பயப்படுவாங்க. இன்னைக்குக் கொண்டாந்திருக்கிறது அப்படி இல்ல. கவர்மெண்ட் உங்களுக்கு என்னென்ன செஞ்சாகணும், உங்களை யாரும் என்னென்ன செய்யக் கூடாதுன்னு இதுல இருக்கு. காதுல வாங்கிக்குங்க."

சந்திரலேகா ஒவ்வொரு தாளாகக் கிழித்து நீட்ட, அவர் ஒவ்வொன்றையும் தன் தமிழில் சொன்னார். ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரை பள்ளிக்கூடம் போவது தயவுதாட்சண்யத்தில் கிடைப்பதல்ல, சட்டம். பிறப்புச் சான்றிதழ் இல்லை, பழைய பள்ளியிலிருந்து டி.சி. வரவில்லை என்று சொல்லிச் சேர்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. வகுப்பில் சாதியைச் சொல்லித் தனியாக உட்காரவைக்கக் கூடாது. அடிக்கக் கூடாது. மனம் நோகும்படி பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதும் கூடாது. யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டால், அது தெரிந்த மாமாவாக இருந்தாலும், சத்தம் போட்டுச் சொல்லலாம். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் பத்து ஒன்பது எட்டு, 1098, காசில்லாமல் பேசலாம். எண்ணை நான்கு முறை கத்தச் சொன்னார். கத்தியதில் வேப்ப மரத்துக் காக்கைகள் பறந்துவிட்டன.

பிறகு "கேள்வி இருந்தா கேளுங்க" என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

"சார், மழை பேஞ்சா லீவு வுடணும்னு சட்டம் இருக்கா?"

சந்திரலேகா தலையை வேகமாக ஆட்டினார், இல்லையென்று. "அது கலெக்டர் முடிவு" என்றார் பூவராகன். நவம்பர் மாதம், கடலூர் மாவட்டம். பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம்.

"பி.டி. பீரியட மேக்ஸ் டீச்சர் எடுத்துக்கிறாங்க. அது சரியா?"

நீட்டிய தாளைப் பார்த்துப் படித்தார். "விளையாடறதுக்கும் உங்களுக்கு உரிமை உண்டுன்னு மேடம் எழுதியிருக்காங்க." கைத்தட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. கணக்கு டீச்சர் மட்டும் தட்டவில்லை.

அப்போது எட்டாம் வகுப்புத் தமிழ்ச்செல்வி எழுந்தாள். உயரமான பெண். சொல்லலாமா வேண்டாமா என்று பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எங்களுக்குப் புது பாத்ரூம் கட்டியிருக்காங்க சார். ஆனா பூட்டியே இருக்கு. ஆபீசருங்க வந்தாத்தான் தொறப்பாங்க. பழசுல கதவு இல்ல. அதனால நாங்க காலையிலேருந்து தண்ணியே குடிக்கிறதில்ல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சந்திரலேகா எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. "பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை, குடிதண்ணீர்: சட்டத்தில் இருக்கிறது. பூட்டி வைப்பதற்காக இல்லை."

பூவராகன் அதைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, தனக்கு உண்மையிலேயே நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொன்னார்.

"இதை என்கிட்ட வாயால சொன்னீங்க. நான் போனதும் காத்தோட போயிடும். பேப்பர்ல எழுதுங்க. ரெண்டு நகல். ஒண்ண ஹெச்.எம். டீச்சர்கிட்ட குடுங்க. இன்னொண்ணுல, வாங்கிக்கிட்டேன்னு தேதியோட கையெழுத்து வாங்கி பத்திரமா வச்சுக்குங்க. கையெழுத்து இல்லாத காகிதத்துக்கு உலகத்துல மதிப்பு கெடையாது. இருபத்து நாலு வருஷமா நான் கத்துக்கிட்டது இது ஒண்ணுதான்."

ரத்தினம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்னங்க இது? விழிப்புணர்வுன்னு சொல்லிட்டு வந்து, என் மேலயே கேஸ் போடச் சொல்லிக் குடுக்குறீங்க?"

"கேஸ் இல்லீங்க டீச்சர், மனு. வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்துதான். வாங்க மாட்டேன்னா கதவுல ஒட்டிட்டுப் போறதும் உண்டு. எங்களுக்கு அது பழக்கம்."

ஒரு கணம் ரத்தினம்மாளின் முகம் சிவந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "ஒட்ட வேண்டாம், குடுங்கடி" என்றார். பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லவும் செய்தார். "வேணும்னேவா பூட்டி வச்சிருக்கேன்? சுத்துச்சுவர் இடிஞ்சு கெடக்கு. சாயங்காலமானா குடிக்கிறவனுங்க உள்ள வந்து கொழாய உடைக்கிறானுங்க. துப்புரவுக்கு வாரத்துக்கு ரெண்டு நாளுதான் ஆள் வர்றாங்க. யார்கிட்ட போயி நான் மனு குடுக்கிறது?"

சந்திரலேகா உடனே ஒரு தாளை நீட்டினார்: "பள்ளி மேலாண்மைக் குழு. பெற்றோர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தில் வையுங்கள்." ரத்தினம்மாள் அதை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் பூவராகன் நல்ல பெயரோடு வீட்டுக்குப் போயிருப்பார். கடைசியாக ஒரு கை உயர்ந்தது. ஏழாம் வகுப்பு இளவரசு. கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளை.

"சார், அடிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. எங்கப்பாவே வந்து, கண்ணை மட்டும் வுட்டுடுங்க, தோலை உரிச்சாலும் கேக்க மாட்டேன்னு சார்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு. அப்போ அடிக்கலாமா?"

சந்திரலேகா எழுதி நீட்டினார். பூவராகன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"படிங்க சார்" என்றான் ஒருவன்.

"பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் செல்லாது. கல்வி உரிமைச் சட்டம், பிரிவு பதினேழு." இத்தனை நேரம் பேசிய குரல் இல்லை அது.

"அப்போ அப்படிச் சொன்ன அப்பாவுக்கு என்னா தண்டனை?"

இந்தமுறை சந்திரலேகா எதுவும் எழுதவில்லை. தோளைக் குலுக்கினார். நூற்றுப் பன்னிரண்டு ஜோடிக் கண்கள் பூவராகனைப் பார்த்தன.

"அவுரு... சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்கிக்கணும்" என்றார் பூவராகன்.

விஷயம் என்னவென்றால், அந்த வாக்கியத்தை அச்சுப் பிசகாமல் அவரே சொல்லியிருந்தார். ஜூன் மாதம், மகள் சுவாதியின் பள்ளியில், பெற்றோர் கூட்டத்தில், கணக்கு ஆசிரியர் சார்லஸிடம். சுவாதி எட்டாவது படிக்கிறாள். மற்றதெல்லாம் சுமாராக வரும், கணக்கு மட்டும் வராது. எல்லா அப்பாக்களும் சொல்வதுபோல, ஒரு மரியாதைக்காக, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொன்னதை அன்றைக்கே மறந்தும்விட்டார்.

முகாம் நடந்த அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மனைவி குணசுந்தரி கேட்டாள், "என்னாங்க, முகம் ஒரு மாதிரியா இருக்கு? யாராச்சும் நாயை அவுத்து வுட்டாங்களா?" அதுவும் அவர் தொழிலில் நடப்பதுதான்.

"சுவாதி எங்க?"

அவள் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பூவராகன் போய்த் தரையில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்காருவது வழக்கமில்லை. அதனால் சுவாதி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"மேக்ஸ் சார் உன்ன அடிச்சிருக்காராம்மா?"

"ஏம்பா?"

"சொல்லு."

"ஸ்கேலால. ரெண்டு தடவ." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூணு" என்றாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

சுவாதி அவரை வினோதமாகப் பார்த்தாள். "உங்ககிட்ட சொல்லி என்னாப்பா? நீங்கதான சொன்னீங்க. அடிக்கும்போது அவுரு அதைத்தான் சொல்லுவாரு. 'கோர்ட்ல வேலை பாக்குற உங்கப்பாவே பர்மிஷன் குடுத்திருக்காரு'ன்னு. கிளாஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது, பஸ் லேட் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வாசல்படியில் நின்றுகொண்டிருந்த குணசுந்தரி அடுப்படிக்குப் போய்விட்டாள். கரண்டி வைக்கும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

திங்கட்கிழமை காலை ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு பூவராகன் சுவாதியின் பள்ளிக்குப் போனார். கையில் ஒரு கடிதம். இரண்டு நகல்.

சார்லஸ் ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். "வாங்க சார், வாங்க. என்னா, எனக்கே சம்மனா?" என்று சிரித்தார்.

"கிட்டத்தட்ட அப்படித்தான் சார்."

சார்லஸ் கடிதத்தைப் படித்தார். நீதிமன்றத்து மொழியில்தான் பூவராகனுக்கு எழுத வரும். அதனால் அது இப்படி இருந்தது: "கடந்த ஜூன் மாதம் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், என் மகளைத் தோலை உரித்தாலும் கேட்கமாட்டேன் என்று தங்களிடம் வாய்மொழியாக நான் கூறியதை இதன்மூலம் நிபந்தனையின்றித் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவ்வாறு கூற எனக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை என்பதையும், அன்றைய தேதியில் அது எனக்குத் தெரியாது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

சார்லஸ் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பூவராகன் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சார், என் கிளாஸ்ல நாப்பது பேரு. அதுல முப்பது அப்பா அம்மா இதே வசனத்தை என்கிட்ட சொல்லியிருக்காங்க. ஒருத்தரு இதுவரைக்கும் வாபஸ் வாங்க வந்ததில்ல."

"வருவாங்க சார். நான் மொத ஆளு, அவ்ளோதான்."

"ஸ்கேலு கூட எடுக்கலைன்னா கணக்கு எப்படி சார் மண்டையில ஏறும்?"

"எனக்கு அந்தக் காலத்துல பெரம்பாலயே அடிச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் பின்னம் வரல. மிச்சம் சில்லற கரெக்டான்னு கடக்காரங்களையே எண்ணச் சொல்றேன்."

இந்த முறை இருவருமே சிரித்தார்கள். ஆனால் பூவராகன், சார்லஸ் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். சார்லஸ் சில நொடிகள் அந்த விரலைப் பார்த்தார்.

"நீங்க பர்மிஷன் குடுத்திருக்கீங்கன்னு அவ முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது நான்" என்றார் மெதுவாக. "அடிச்சிருக்கவும் கூடாது. அது எனக்குத் தெரியாம இல்ல. ட்ரெயினிங்ல சொல்லித்தான் அனுப்புறாங்க. கோவத்துல மறந்துபோயிடுது."

"எனக்கும்தான் சார். அவளுக்கு கணக்கு வரலைன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க. நானும் அவளும் சேர்ந்து உக்காந்து முழிக்கிறோம்."

சார்லஸ் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். அன்று மதியம் வகுப்பில் சுவாதியை மட்டும் தனியாகக் கூப்பிடாமல், எல்லார் முன்னாலும், "இனிமே இந்தக் கிளாஸ்ல ஸ்கேலு கோடு போட மட்டும்தான்" என்று அறிவித்தாராம். பிள்ளைகள் நம்பவில்லை. டிசம்பர் வரை பார்த்துவிட்டுத்தான் நம்பினார்கள்.

அரையாண்டுத் தேர்வில் சுவாதி கணக்கில் நாற்பத்தொன்று வாங்கினாள். முன்பு முப்பத்தெட்டு. பூவராகன் அலுவலகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். மூன்று மதிப்பெண்ணுக்கா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. தாளைக் காட்டும்போது அவள் தலையைக் குனியவில்லை. அதைச் சொன்னால் அவர்களுக்குப் புரியுமா என்று அவருக்குத் தெரியவில்லை.

கிள்ளைப் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஜனவரியில் ரத்தினம்மாள் போன் செய்தார். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தமிழ்ச்செல்வியின் மனுவைப் படித்தார்களாம். அம்மாக்கள் விடவில்லை. பேரூராட்சிக்குப் போய் உட்கார்ந்து, துப்புரவு ஆளைத் தினமும் அனுப்ப வைத்துவிட்டார்கள். இடிந்த சுவரைப் பெற்றோரே சேர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் எழுப்பினார்கள். சாவி இப்போது எட்டாம் வகுப்புக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.

"ஆனா ஒரு தொல்லைங்க சார்" என்றார் ரத்தினம்மாள். "இப்ப எல்லாத்துக்கும் மனு குடுக்குறாளுங்க. சத்துணவுல முட்ட சின்னதா இருக்குன்னு நேத்து ஒண்ணு. ரெண்டு நகல். நான் கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கை வலிக்குது."

சந்திரலேகாவுக்கு ஒரு வாரத்தில் குரல் திரும்பி வந்தது. ஆனாலும் அவர் பூவராகனை விடவில்லை. "நான் சட்டம் சொல்றேன், நீங்க பேசுங்க, அதுதான் சரியா இருக்கு" என்று ஒவ்வொரு பள்ளிக்கும் இழுத்துக்கொண்டு போனார். பிப்ரவரிக்குள் ஒன்பது பள்ளிகள். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு மூன்றாம் வகுப்புப் பையன், வீட்டில் தம்பி தன்னைக் கடிப்பதற்குப் பிரிவு ஏதாவது உண்டா என்று கேட்டான். தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

மார்ச்சில் கடலூரில் மாவட்ட அளவில் ஒரு நிகழ்ச்சி. அழைப்பிதழில் "சிறப்புரை: திரு. பூவராகன்" என்று அச்சடித்திருந்தார்கள். குணசுந்தரி அதை நாலு பேருக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். சனிக்கிழமை என்பதால் சுவாதியும் கூட வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுப் பேச்சையும் கேட்டாள்.

திரும்பும்போது சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டும் வரை அவள் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். பூவராகனால் பொறுக்க முடியவில்லை.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுப்பா. ஆனா ரெண்டு தப்பு. ஆறுலேருந்து பதினஞ்சுன்னு சொல்லிட்டீங்க. அது பதினாலு."

"ஐயையோ. ரெண்டாவது?"

"கட்டில் கதைய சொன்னதும் நீங்களே மொதல்ல சிரிச்சுட்டீங்க. அவுங்க சிரிக்கிற வரைக்கும் வெயிட் பண்ணணும்."

பூவராகன் பையிலிருந்து பேனாவை எடுத்து, அழைப்பிதழின் பின்பக்கத்தில் இரண்டையும் குறித்துக்கொண்டார். சுவாதி எட்டிப் பார்த்து எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சரிபார்த்தாள். பிறகு ஜன்னலைத் திறந்து காற்று வாங்க ஆரம்பித்தாள்.